கோல்டு ஹார்பர் பதுங்குகுழி மாதிரி: 4 அடிப் பலகையில் எப்படிச் செய்வது?

தண்டையார்பேட்டை டீச்சர்

பள்ளிச் சமூக அறிவியல் கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பதுங்குகுழிகளை மாதிரியாகச் செய்யப்போகிறார்கள். தேர்ந்தெடுத்த இடம் வர்ஜீனியாவில் உள்ள கோல்டு ஹார்பர். ரிச்மண்ட் தேசியப் போர்க்களப் பூங்காவில் அந்தக் குழிகளை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது 4 அடிக்கு 2.5 அடி பிளைவுட், 12 மி.மீ. கனம்.

படங்களைப் பார்த்தால் காட்டுக்குள் ஒரு மேடு, பக்கத்தில் முழங்கால்கூட மறையாத ஒரு பள்ளம், அவ்வளவுதான் தெரிகிறது. இதற்குள்ளா ஆள் நின்று சுட்டான்? அசல் அளவு என்ன? பிள்ளைகள் வரைந்த படத்தில் மணல் மூட்டை, முள்கம்பி வேலி, பிரம்புக்கூடை மாதிரி ஒன்று எல்லாம் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுக்க வேண்டும்?

தெர்மகோல் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினால் போதுமா? கண்காட்சி நவம்பர் கடைசியில். அடைமழை நேரம். இரண்டு வாரமாவது வெடிக்காமல், பூஞ்சணம் பிடிக்காமல் நிற்க வேண்டும்.

அகழ்மேடு

டீச்சர், படத்தில் இருப்பது 160 வருஷ மழை கரைத்தது போக மிஞ்சியது. 1864 ஜூனில் அது வேறு மாதிரி இருந்தது.

தரையில் இரண்டு, மூன்று அடி ஆழம் தோண்டி, அந்த மண்ணை எதிரி இருக்கும் பக்கமாகவே போட்டார்கள். அங்கே மூன்று அடிக்கு மேல் மண்ணணை எழும்பிவிடும். குழியின் அடியிலிருந்து அணையின் உச்சிவரை 6 அடி வந்துவிட்டால் உள்ளே ஆள் குனியாமல் நடக்கலாம். ஆனால் அங்கே நின்று சுட முடியாது. அதற்காக அணையை ஒட்டி உட்புறத்தில் ஒரு படி விட்டிருப்பார்கள். அந்தப் படியின் மேற்பரப்புக்கும் அணையின் உச்சிக்கும் இடையே 4 அடி 3 அங்குலம் என்பது அந்தக் காலத்து ராணுவப் பொறியியல் பாடக் கணக்கு. துப்பாக்கியை உச்சியில் சாய்த்துத் தோளில் வைக்க அதுதான் தோதான உயரம். மாதிரியில் முதலில் தப்பாகப் போவதும் இந்த அளவுதான். படி தாழ்ந்தால் பொம்மையின் முகம் மண்ணில் முட்டும், உயர்ந்தால் இடுப்புவரை வெளியே தெரியும்.

அடுத்தது உட்சுவர். தோண்டிப் போட்ட மண் தானாக நிற்கும் சாய்வு ஏறக்குறைய 45 பாகை. எதிரிப் பக்கத்தை அந்தச் சாய்விலேயே விட்டுவிடலாம். உள்பக்கம் ஆள் ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் கிட்டத்தட்ட செங்குத்தாக இருந்தாக வேண்டும், அதனால் மரக்கட்டைகளையும் வயல் வேலியில் பிடுங்கிய கழிகளையும் அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். பல இடங்களில் உச்சியில் ஒரு தலைக்கட்டையும் உண்டு: ஓர் அடி அல்லது அதற்குமேல் தடிமனான மரம், அதற்குக் கீழே குழல் நீட்டச் சுமார் மூன்று அங்குல இடைவெளி. பீரங்கிக் குண்டு பட்டு அந்தக் கட்டை உள்ளே விழுந்தால் இருப்பவன் நசுங்குவான். எனவே குழிக்குக் குறுக்கே பின்கரைவரை சரிவாகக் கம்பங்கள் போட்டு, கட்டை அவற்றின் மேல் உருண்டு பின்னால் போய்விடும்படி செய்தார்கள். இதைப் பிள்ளைகள் செய்தால் பார்ப்பவர்கள் கட்டாயம் நின்று கேட்பார்கள்.

நீளவாக்கில் நேர்கோடாகக் குழி வெட்டாதீர்கள். ஒரு முனையிலிருந்து எதிரி சுட்டால் குண்டு வரிசை முழுக்க ஓடும். அதைத் தடுக்க நடுநடுவே செங்கோணத்தில் குறுக்கு அணை இருக்கும். உங்கள் பலகைக்கு ஒன்று போதும்.

பிள்ளைகளின் படத்துக்கு வருகிறேன். முள்கம்பி வேலியை எடுத்துவிடுங்கள். முள்கம்பி பரவலானது அந்தப் போருக்குப் பிறகு. 1863 நவம்பரில் நாக்ஸ்வில்லில் தந்திக் கம்பியை வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளுக்கு இடையே தாழக் கட்டிக் காலை இடறவிட்டது உண்மை, ஆனால் அது வேறு ஊர், அதில் முள்ளும் கிடையாது. இங்கே தடுப்பாக வைக்க வேண்டுமானால் வெட்டிச் சாய்த்த மரக்கிளைகளைக் கூர்முனை எதிரியைப் பார்க்கும்படி போடுங்கள். மணல் மூட்டையும் பிரம்புக்கூடையும் அதே வர்ஜீனியாவில் உள்ள பீட்டர்ஸ்பர்க்குக்கு உரியவை. அங்கே 1864 ஜூன் முதல் 1865 ஏப்ரல் வரை முற்றுகை நீண்டது, நின்று நிதானமாகக் கூடை முடைந்து மண் நிரப்பிச் சுவர் வைக்க நேரம் இருந்தது. கோல்டு ஹார்பரில் படைகள் எதிரெதிரே நின்றது மே 31 முதல் ஜூன் 12 வரைதான். ஜூன் 3 தாக்குதலில் முன்னேறவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் மாட்டிக்கொண்ட வடமாநிலப் படையினர் பயனெட்டாலும் (துப்பாக்கி முனைக் கத்தி) தகரத் தட்டாலும் குவளையாலும் மண்ணைக் கிளறிப் படுத்தார்கள். அங்கே கூடையை வைத்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

இப்போது ஏன் முழங்கால் ஆழம்? முட்டுக்கட்டை மக்கியதும் செங்குத்துச் சுவருக்குப் பிடிமானம் போய்விட்டது. உச்சி மண் உள்ளே சரிந்து குழியை நிரப்பியது. இரண்டு பக்கமும் தனக்கு ஏற்ற சாய்வுக்கு வந்த பிறகு சரிவு மெதுவாகிவிட்டது, அதற்குமேல் வருஷாவருஷம் இலைச்சருகு. இந்த அளவுக்காவது நின்றதற்குக் காரணம் மேலே வளர்ந்த காடு. உழுத வயல்களில் இருந்த குழிகளை ஏர் சமன் செய்துவிட்டது. காட்டில் மழைத்துளியை முதலில் இலை வாங்குகிறது, பிறகு சருகு வாங்குகிறது, மண்ணை நேரடியாகக் குத்துவதில்லை.

ஆகவே அங்கே பாதுகாப்பு என்றால் பெருக்கித் துடைத்து வைப்பது அல்ல. சருகை அள்ளுவதில்லை. அணை மேல் யாரும் ஏறக் கூடாது, ஏனென்றால் நாலு பேர் ஒரே இடத்தில் ஏறினால் சருகு விலகும், மண் வெளியே தெரியும், அடுத்த மழையில் அந்தத் தடம் வாய்க்காலாகிவிடும். பாதை அணையைக் கடக்க வேண்டிய இடத்தில் மரப்பாலம் போட்டுத் தாண்டவைப்பார்கள். திறந்த வெளியாக இருந்தால் ஒட்ட வெட்டிய புல்தரையைவிட ஆழமாக வேரோடும் அந்த மண்ணுக்கே உரிய உயரப் புல்தான் நல்லது. எல்லா மரமும் நண்பன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அணையின் உச்சியில் நிற்கும் பெரிய மரம் புயலில் சாய்ந்தால் வேர்க்கட்டு ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். அந்த மாதிரி ஆபத்தான மரத்தை முன்கூட்டியே அடியோடு அறுத்து, வேரை மட்டும் மண்ணிலேயே விட்டுவிடுவார்கள்.

என் யோசனை இது. பலகையை நடுவில் அறுத்து 2 அடிக்கு 2.5 அடியாக இரண்டு துண்டாக்குங்கள். இடது துண்டு 1864, வலது துண்டு இன்று. ஒரே குழி இரண்டிலும் தொடர வேண்டும். துண்டுகளைப் பிரித்தால் வெட்டுமுகம் தெரியும்: இடதில் செங்குத்துச் சுவர், படி, கட்டை, வலதில் உருண்டு போன மேடு. வலது வெட்டுமுகத்தில் பழைய வடிவத்தைச் சிவப்புப் புள்ளிக்கோடாக வரைந்துவிட்டால் உங்கள் முதல் கேள்விக்கு அதுவே பதில்.

வியாசர்பாடி செட் ஒர்க்

மேல அண்ணன் சொன்ன ரெண்டு துண்டு ஐடியா சரி. 4 அடிப் பலகைய மழைல ஆட்டோல ஏத்தறதே ஒரு வேலை. வேலைக்கு வருவோம்.

அளவு 1:32 வச்சிக்கோங்க. கடைல கிடைக்கிற 5 செ.மீ. பொம்மை சோல்ஜர் இதுக்குத்தான் ஒத்துவரும். 1 அடி = 9.5 மி.மீ. தரைக்கு 1 இஞ்ச் தெர்மகோல் ஒரே அடுக்கு ஒட்டி, குழி வர்ற இடத்துல முழுசா வெட்டி எடுத்துடுங்க, அடில இருக்கிற பிளைவுட்தான் குழியோட தரை. 25 மி.மீ. ஆழம் தானா கிடைச்சுடும். குழி அகலம் மேல 48 மி.மீ. அணை உயரம் தரைலேர்ந்து 32. ஆக மொத்தம் 57, அதாவது 6 அடி. படி குழித்தரைலேர்ந்து 16 உயரம், 14 அகலம். அணை உச்சில 19 மி.மீ. கனம் விட்டு வெளிப்பக்கம் 45 டிகிரில செதுக்குங்க. இதுக்கு மேல கனம் வச்சா தோண்டின மண்ணும் குவிச்ச மண்ணும் கணக்கு ஒக்காது. கணக்கு வாத்தியார் வந்து நின்னா முதல்ல அதைத்தான் கேப்பார்.

தெர்மகோல்ல நடக்கிற தப்பு மூணு. ஸ்ப்ரே பெயின்ட், தின்னர், ரப்பர் சொல்யூஷன் பசை எது பட்டாலும் உருகிப் பள்ளம் விழும். தண்ணில கரையற வெள்ளை ஃபெவிகால் மட்டும்தான். ரெண்டாவது, தெர்மகோலுக்கும் பலகைக்கும் நடுவுல பூசின ஃபெவிகாலுக்குக் காத்து போகாது, ஓரம் காஞ்சிருக்கும், நடுவுல ரெண்டு நாள் ஆனாலும் பால் மாதிரியே இருக்கும். தெர்மகோல்ல 2 இஞ்சுக்கு ஒரு ஓட்டை ஊசியால குத்திட்டு, பசைய மெல்லிசா தேச்சு, மேல புத்தகக் கட்டு பாரம் வச்சு ஒரு நாள் விடுங்க. மூணாவது, சூடான கம்பியால வெட்டறது சுலபம்தான், புகை நல்லதில்ல. பசங்க கைல கட்டர் பிளேடும் உப்புத்தாளும் போதும்.

பலகை வளையறதுதான் மழைக்காலத்துல பெரிய தலைவலி. மேல ஈரப் பூச்சு, அடில காய்ஞ்ச மரம், அப்பளம் மாதிரி தூக்கிக்கும். வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே அடிப்பக்கமும் ஓரமும் ரெண்டு கை எனாமல் அடிங்க. அடில 2 இஞ்சுக்கு 1 இஞ்ச் ரீப்பர் சுத்தி ஸ்க்ரூ போட்டு ஃபிரேம் கட்டுங்க. வால்டாக்ஸ் ரோடு மரக்கடைல அளவு சொன்னா அறுத்தே குடுப்பாங்க.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மொத்தமா பூசாதீங்க. கனம், அதோட பலகை கொஞ்சம் அசைஞ்சாலும் விரிசல். பழைய பனியன் துணிய 2 இஞ்ச் பட்டையா கிழிச்சு, பிளாஸ்டர்ல முக்கி, ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுற மாதிரி போடுங்க. பவுடர் மூணு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு, எடைக்கு. பவுடரைத் தண்ணில போடணும், தண்ணிய பவுடர்ல ஊத்துனா கட்டி கட்டியா நிக்கும். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல கலக்காதீங்க, பத்து நிமிஷத்துல இறுகிடும். இறுக ஆரம்பிச்சதுல தண்ணி ஊத்தி இளக்கினா காஞ்சதும் சுண்ணாம்பா உதிரும். ரெண்டு துண்டுக்கும் சேர்த்து 4, 5 கிலோ வாங்குங்க. மூட்டை பழசா, ஈரம் பட்டதான்னு பாத்து வாங்கணும். ஈரம் குடிச்ச பவுடர் செட்டே ஆவாது. பூச்சு எல்லா இடத்துலயும் ஒரே கனமா, 3 மி.மீ. அளவுல இருக்கட்டும், அப்பதான் படிக் கணக்கு மாறாது.

அது மேல மண்ணு. காசிமேடு மணல் பக்கத்துல இருக்குன்னு அள்ளிட்டு வராதீங்க. அதுல இருக்கிற உப்பு காத்துல ஈரம் இழுக்கும், பெயின்ட் காயாது, நாலு நாள்ல வெள்ளையா பூக்கும். சல்லடைல சலிச்ச எம் சாண்டு தூள் ரெண்டு பங்கு, நர்சரில விக்கிற செம்மண் ஒரு பங்கு. செம்மண்ண மட்டும் போட்டா செங்குன்றம் ரோடு மாதிரி செவேல்னு இருக்கும். அந்த ஊர் மண்ணு வெளிர் பழுப்பு, மணல் கலந்தது. வாணலில வறுத்து ஆறவச்சுப் போடுங்க. ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதி பிரஷ்ல தடவி, மண்ணைத் தூவி, காஞ்சதும் ஒரு பங்கு ஃபெவிகால் நாலு பங்கு தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு மேல ஸ்ப்ரே பண்ணுங்க. அந்த லிக்விட் இல்லைன்னா தண்ணி முத்து முத்தா உருண்டு மண்ணையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்.

முட்டுக்கட்டைக்கும் தலைக்கட்டைக்கும் சவுக்குக் கிளை. பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன், 10 மி.மீ., அதுதான் தலைக்கட்டை. பச்சைக் கிளை காய்ஞ்சா சுருங்கி ஒட்டு விட்டுடும், முன்னாடியே வெட்டிக் காயவைங்க. வேலிக் கழிக்கு மூங்கில் குச்சி ரெண்டாப் பிளந்தது.

வலது துண்டுல சருகுக்கு, காய்ச்சின டீத்தூளை அலசி வெயில்ல காயவச்சுத் தூவினா அசலா இருக்கும். பூஞ்சணம் பிடிக்கிறதும் முதல்ல அதுலதான். கேரம் போர்டுக்குப் போடுற போரிக் பவுடர், 100 கிராம் டீத்தூளுக்கு ரெண்டு டீஸ்பூன் கலந்துடுங்க, பசங்க கை கழுவிட்டுச் சாப்பிடட்டும். மரம் முழுசா வைக்க முடியாது, 60 அடி மரம்னா இந்த அளவுல 57 செ.மீ. வரும். அடிமரம் மட்டும் 15, 20 செ.மீ. விட்டு மேல வெட்டிடுங்க. மரப்பாலத்துக்கு ஐஸ் குச்சி.

தண்டையார்பேட்டை டீச்சர்

இருவருக்கும் நன்றி. பிள்ளைகள் மேலும் மூன்று கேட்கிறார்கள். எதிரிப் படையின் குழியையும் சேர்த்துக் காட்ட முடியுமா? பீட்டர்ஸ்பர்க்கில் சுரங்கம் வைத்து வெடித்த பள்ளத்தை ஒரு மூலையில் வைக்கலாமா? விளக்க அட்டையில் "உலகின் முதல் பதுங்குகுழிப் போர்", "ஒரு மணி நேரத்தில் 7000 பேர்" என்று எழுதியிருக்கிறார்கள், விடலாமா?

அகழ்மேடு

எதிர்க்குழி வேண்டாம். கோல்டு ஹார்பரில் சில இடங்களில் இரு வரிசைக்கும் இடையே 100 கஜத்துக்கும் குறைவு. குறைவு என்றாலும் 1:32 அளவில் உங்கள் 2.5 அடி அகலம் 80 அடி நிலம்தான். 1:72 க்குப் போனால் 4 அடி நீளத்தில் 96 கஜம் அடங்கும், ஆனால் ஆள் 2.4 செ.மீ. ஆகிவிடுவான், தலைக்கட்டையும் படியும் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு பக்கத்தைத் தெளிவாகக் காட்டுவதே மேல்.

வெடிப்பள்ளத்தை இதே பலகையில் வைத்தால் இடமும் தேதியும் குழம்பும். அது 1864 ஜூலை 30. பென்சில்வேனியாவின் 48 ஆவது படைப்பிரிவில் நிலக்கரிச் சுரங்கம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 511 அடிச் சுரங்கம் வெட்டி 8000 பவுண்டு வெடிமருந்து வைத்தார்கள். மாதிரியாகச் செய்ய அதில் சுவையான பகுதி பள்ளமே இல்லை, காற்றோட்டம்தான்: வாயிலுக்குக் கொஞ்சம் உள்ளே மேல்நோக்கி ஒரு புகைபோக்கி, அதன் அடியில் தீ. சூடான காற்று மேலே போகப் போக, மரக்குழாய் வழியாகப் புதுக்காற்று சுரங்கத்தின் கோடிவரை இழுபடும். அடுத்த வருஷக் கண்காட்சிக்கு வையுங்கள்.

7000 என்ற எண்ணை எடுத்துவிடுங்கள். பல காலமாகச் சொல்லப்படுவதுதான், ஆனால் அந்தக் காலைத் தாக்குதலின் இழப்பு அதைவிடக் குறைவு என்றே பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. "ஜூன் 3 காலை, குறைந்த நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் விழுந்தார்கள்" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

மாடிப்பூங்கா பக்கம்

"உலகின் முதல்" வேண்டவே வேண்டாம் டீச்சர். கோட்டை முற்றுகைக்கு வளைந்து வளைந்து குழி வெட்டி முன்னேறும் முறையை 17 ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் வோபான் என்ற ராணுவப் பொறியாளர் ஒழுங்குபடுத்திவிட்டார். அதே முறை நம்ம பக்கத்துக்கும் வந்திருக்கிறது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பிளாக் டவுனைப் பிடித்து, புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே பீரங்கி மேடை அமைத்து, குழி வெட்டிக்கொண்டே கோட்டையை நெருங்கினார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து நின்றதும் முற்றுகையை விட்டுவிட்டுப் போனார். கோல்டு ஹார்பருக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி, அதுவும் உங்கள் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்.

அந்தக் குழிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. கோட்டையை ஒட்டிய பழைய பிளாக் டவுனை இடித்துப் பீரங்கி சுட வசதியாக வெட்டவெளி ஆக்கினார்கள். பிற்பாடு அங்கேயே உயர் நீதிமன்றம் எழுந்தது. அந்த வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க 1773 இல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் நிற்கிறது. புது பிளாக் டவுனைச் (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றிக் கட்டிய மதிலில் ஒரு துண்டு பழைய சிறைச்சாலை ரோட்டில் மாடிப்பூங்காவாக மிஞ்சியிருக்கிறது. கல்லும் செங்கலும் நின்றன, மண்வேலை நிற்கவில்லை. மணல் பூமி, மேலே நகரம். விளக்க அட்டையில் இதை நாலு வரி சேர்த்தால், வர்ஜீனியாவில் மட்டும் மண்ணணை எப்படி நின்றது என்ற கேள்வி பார்ப்பவர்களுக்குத் தானாக வரும். பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை மாடிப்பூங்காவுக்கு அழைத்துப்போய் அளவெடுக்கச் சொல்லுங்கள், செலவில்லாத வேலை.

வியாசர்பாடி செட் ஒர்க்

பொம்மை பத்தி யாரும் சொல்லல. கடைல வர்ற பச்சை சோல்ஜர் எல்லாம் இரண்டாம் உலகப்போர் ஆளு, இரும்புத் தொப்பி, மெஷின் கன். அப்படியே நிறுத்துனா மொத்த உழைப்பும் போச்சு. நின்னு சுடுற போஸ், மண்டி போட்ட போஸ் மட்டும் பொறுக்குங்க. தொப்பி விளிம்பை பிளேடால சீவிட்டு, எம்சீல்ல மிளகு அளவு உருட்டி வச்சு, மேல்பக்கத்தை முன்னால சாயுற மாதிரி அமுக்கி, நெத்திக்கு மேல சின்ன முனை இழுத்து விடுங்க. அரை மணி நேரத்துக்குள்ள வடிவம் கொண்டுவந்துடணும், அப்புறம் கல்லு.

அந்த பிளாஸ்டிக்ல பெயின்ட் பிடிக்காது, வளைச்சா செதில் செதிலா உரியும். சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவி, தண்ணி கலந்த ஃபெவிகால் ஒரு கை பூசிக் காயவச்சு, அதுக்கப்புறம் அக்ரிலிக். வடக்குப் படைன்னா கருநீலக் கோட்டு, வெளிர்நீல பேன்ட். தெற்குப் படைன்னா சாம்பல், பழுப்பு ரெண்டும் கலந்து கட்டி அடிங்க. எல்லாரும் ஒரே மாதிரி பளிச்னு இருந்தா பொய்யா தெரியும்.

மெஷின் கன்னை வெட்டிட்டு விளக்குமாத்து ஈர்க்கு வைங்க. அப்போதைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி 56 இஞ்ச் நீளம், நம்ம அளவுக்கு 44 மி.மீ. ஈர்க்கோட நுனிப்பக்கமா பாத்து வெட்டுங்க. அடிப்பக்கம் 2 மி.மீ. தாண்டிடும், தலைக்கட்டைக்குக் கீழ விட்ட இடைவெளி 2.4 தான். கட்டைய ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு பொம்மையப் படில நிறுத்தி ஈர்க்கு நுழையுதான்னு பாத்துக்கோங்க.